சாவி திருப்பினால் ‘டக்’ மட்டும்: பழைய மாருதி 800

மன்னார்குடி: அண்ணே, 1998 மாடல். காலையில ‘டக்’னு ஒரு சத்தம், செல்ஃப் மோட்டார் சுத்தலை. அஞ்சாறு தடவை திருப்பினா பிடிச்சிடுது. பேட்டரி புதுசு. மோட்டாரைக் கழற்றணுமா?

கும்பகோணம்: அவசரப்பட்டுக் கழற்றாதீங்க தம்பி. ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் ரொம்ப அமுங்கினா பேட்டரி, டெர்மினல், எர்த் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோட இணைக்கிற வயர்), இதுல ஒண்ணுலதான் கோளாறு. அமுங்காம ‘டக்’ மட்டும் கேட்டா சொலினாய்டு (மோட்டாருக்குக் கரண்ட் விடுற காந்த சுவிட்ச்) காண்டாக்ட் இல்லன்னா மோட்டாருக்குள்ள இருக்குற கார்பன் பிரஷ். ராத்திரி நின்ன வண்டியில பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கக் கூடாது.

அடுத்தது எர்த். நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டுக்குங்க. வோல்ட் மீட்டரோட ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் ஈய முனையிலேயே இருக்கணும், கிளாம்ப்ல வைக்காதீங்க. மறுமுனை இன்ஜின் உடம்புல. செல்ஃப் சுத்தும்போது 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5 தாண்டினா எர்த் வயர்தான் குத்தவாளி. நம்ம ஐப்பசி மழைக்கு போல்ட்டுக்கு அடியில பச்சை பூத்து, மேல பார்த்தா நல்லா இருக்குற மாதிரிதான் தெரியும். கழற்றி, எமரி தாள் போட்டுத் தேய்ச்சு, முடுக்கினப்புறம் வாஸ்லின் தடவுங்க.

நாகப்பட்டினம்: எர்த் சரின்னா, திருப்பும்போது சொலினாய்டின் சின்ன வயர்ல எவ்வளவு வருதுன்னு பாருங்க. பேட்டரியைவிட 1 வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா இக்னிஷன் சுவிட்ச் தேய்ஞ்சிருக்கு. 30 ஆம்பியர் ரிலே (சின்ன கரண்ட்ல பெரிய கரண்டைத் திறந்து விடுற சுவிட்ச்) போடலாம். அதுல இருக்குற முனை நம்பர்படி: சாவி வயர் 86, எர்த் 85, பியூஸ் வழியா பேட்டரி 30, சொலினாய்டு 87. பியூஸ் இல்லாம மட்டும் போட்டுடாதீங்க.

மன்னார்குடி: எர்த்ல 0.9 காட்டுது அண்ணே. வயரையே மாத்திடுறேன்.

கும்பகோணம்: பழைய கனத்துக்குக் குறையாம வாங்குங்க. அந்த வயர் கியர்பாக்ஸ்ல உட்காருற இடத்தையும் பளபளன்னு தேய்ங்க.