இருமல்னு நினைச்சோம், இதயம்: உங்க நாய்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

மணியம்மா, திருச்சி:

எங்கள் மணிக்குப் பதினோரு வயசு. ஸ்பிட்ஸ், ஒன்பது கிலோ. போன மார்கழியில் நடுராத்திரி இருமல் ஆரம்பித்தது. கழுத்தை நீட்டி, முள் சிக்கியது போல ஓங்கரிப்பான். ஒன்றும் வெளியே வராது. பனிக்குச் சளி பிடித்திருக்கும் என்று பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். இருமல் மருந்து, ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக். கொஞ்சம் குறையும், திரும்ப வரும். மூன்று வாரம் இப்படியே போனது. அங்கே ஒருமுறைகூட நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு விடிகாலை அவன் படுக்கவே மாட்டேன் என்று, முன்னங்கால் இரண்டையும் அகட்டி ஊன்றியபடி நிலைப்படியில் உட்கார்ந்திருந்தான். வயிறு துருத்தி மாதிரி ஏறி இறங்கியது. நாக்கில் நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோவில் மடியில் வைத்து வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். ஆக்சிஜன் கொடுத்து, உடம்பில் தேங்கிய நீரைப் பிரிக்கும் லாசிக்ஸ் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு மெல்லத் தணிந்தது. நுரையீரலில் நீர் கோத்திருந்தது.

எக்ஸ்ரேயும், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்துவிட்டு டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் இடது பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்துப்போய் சரியாக மூடவில்லை. ரத்தம் பின்னால் கசிந்து மேலறை வீங்கிவிட்டது. மேலே போகும் மூச்சுக்குழாயை அந்த வீக்கம் நெருக்குவதால்தான் இருமல். அழுத்தம் இன்னும் ஏறினால் நுரையீரலுக்குள் நீர். சின்ன இன நாய்களுக்கு வயசான பின் வரும் இதய நோயில் பெரும்பாலும் இதுதானாம். கசியும் சத்தத்துக்கு மர்மர் என்று பேர். அதை ஆறு படியாகப் பிரிப்பார்களாம், எங்கள் நாய்க்கு ஐந்தாம் படி.

"இதயம் பெருசாகி, மூச்சு வாங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா பிமோபென்டான்ங்கற இதய மருந்தைத் தொடங்கியிருக்கலாம்மா. 2016ல வந்த பெரிய ஆய்வுல இந்தக் கட்டத்தைச் சராசரியா 15 மாசம் தள்ளிப்போட முடிஞ்சிருக்கு" என்றார். அந்தப் பதினைந்து மாதம் என் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன். ஏழு வயசு தாண்டிய சின்ன நாய் இருந்தால், ஊசி போடப் போகும்போதே "நெஞ்சுச் சத்தம் கேட்டுப் பாருங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்போது காலை ஆறு, மாலை ஆறு, வெறும் வயிற்றில் பிமோபென்டான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. நீர் பிரிய லாசிக்ஸ். அதனால் தண்ணீர் நிறையக் குடிப்பான், ராத்திரி கூடத்தை நனைப்பான். இரண்டு நாள் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டேன். டாக்டருக்குத் தெரிந்ததும் கோபப்பட்டார். உடம்பு வற்றினால் கிட்னி போய்விடும். இப்போது கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கிறது, நான் பழைய வேட்டியை விரித்து வைக்கிறேன். கிட்னிக்கும் பொட்டாசியத்துக்கும் அவர் சொல்லும்போதெல்லாம் ரத்தம் எடுக்கிறோம். அப்பளம், கருவாடு, உப்பு பிஸ்கட் எல்லாம் அடியோடு நிறுத்தம். அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை, தட்டிலிருந்து ஒரு துண்டு அப்பளம் போடாமல் அவர் சாப்பிட்டதே கிடையாது.

முக்கியமானது தூங்கும்போது மூச்சு எண்ணுவது. விலா ஏறி இறங்கினால் ஒன்று. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கணும். 30க்குக் கீழே இருக்கணும். தினசரி காலண்டர் தாளிலேயே எழுதுகிறேன்: 22, 24, 21. பங்குனியில் ஒரு ராத்திரி 38. மறுபடி எண்ணினேன், 40. உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். எவ்வளவு மாத்திரை கூட்டுவது என்று அவர் சொன்னார், விடிந்ததும் கொண்டுபோனோம். இந்த முறை நாக்கு நீலமாகும்வரை போகவில்லை.

கோவை ராஜா:

அக்கா, எங்களுடையது டாபர்மேன், ஆறு வயசு. இருமலே இல்லை. கொஞ்சம் இளைச்சான், வெயில்னு நினைச்சோம். ஒருநாள் மாடிப்படியில அப்படியே சரிஞ்சான், அரை நிமிஷத்துல எழுந்து வாலை ஆட்டினான். வலிப்புன்னு நினைச்சேன். பெரிய நாய்களுக்கு வர்றது வேற நோய்: இதயத் தசையே மெலிஞ்சு, அறை பெருத்து, துடிப்பு தாளம் தப்பிடும். 24 மணி நேரமும் இதயத் துடிப்பைப் பதிவு பண்ற ஹோல்டர் கருவியை உடம்புல மாட்டினப்பதான் எத்தனை துடிப்பு தப்புதுன்னு தெரிஞ்சுது. மாத்திரையோட எட்டு மாசம் இருந்தான். ஒரு காலையில கேட் பக்கத்துல, பேப்பர்காரரைப் பார்த்துக் குரைச்சுக்கிட்டு இருந்தவன் விழுந்துட்டான். அவனோட கூடப்பிறந்த குட்டியை வளர்க்கிறவருக்கு அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேன். அவங்க இப்ப வருஷா வருஷம் எக்கோவும் ஹோல்டரும் பார்க்கறாங்க. டாபர்மேன் வச்சிருக்கவங்க மயக்கம் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

செல்வா:

அக்கா, எங்க பொமரேனியனுக்கு நேத்து எண்ணினேன், 44 வந்துச்சு. பகல்ல நல்லாத்தான் ஓடுறா. பயமா இருக்கு.

மணியம்மா, திருச்சி:

தம்பி, எண்ணும்போது பாதமோ மீசையோ துடிச்சுதா? கனவு காணும்போது மூச்சு வேகமாத்தான் இருக்கும், அது அடங்கட்டும். ஃபேன் ஓடுற இடத்துல, அசந்து தூங்கும்போது இன்னொரு தடவை எண்ணுங்க. அப்பவும் 30க்கு மேல இருந்தா நாளைக்குன்னு தள்ளாதீங்க, ராத்திரியா இருந்தாலும் டாக்டருக்குப் போன் பண்ணுங்க. விலா ஏறி இறங்குறதை வீடியோ எடுத்துட்டுப் போங்க. கிளினிக் மேஜை மேல ஏத்தினா பயத்துல எல்லாமே வேகமா மூச்சு விடும், அங்க எண்ண முடியாது.