280 டிடிஎஸ் தண்ணிக்கு ஆர்ஓ மெஷின் தேவையா?

வேளச்சேரிவாசி:
மக்களே ஒரு டவுட்டு. வீட்டுக்கு மெட்ரோ வாட்டர்தான் வருது, சேல்ஸ்மேன் வந்து மீட்டர விட்டு பாத்துட்டு டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவு) 280 இருக்கு சார், இத குடிச்சா கிட்னி போயிடும், உப்ப வடிகட்டுற ஆர்ஓ மெஷின் வாங்குங்கங்குறான், அம்மா என்னடான்னா காய்ச்சி குடிச்சா போதும்டாங்குறாங்க. யார் பேச்ச கேக்குறது?

கடல்காத்து:
280க்கு ஆர்ஓ எதுக்கு ப்ரோ? பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) ஸ்டாண்டர்டே லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஓகேன்னுதான் சொல்லுது, வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 2000 வரைக்கும் விடுறாங்க. 2019ல பசுமைத் தீர்ப்பாயமே 500க்கு கீழ இருந்தா ஆர்ஓவுக்கு தடை போடுங்கன்னு சொல்லுச்சு. இதுல காமெடி, தென்சென்னைக்கு நெம்மேலி பிளான்ட் தண்ணியும் வருது, அதுவே கடல் தண்ணிய ஆர்ஓ பண்ணுனதுதான் 😂

போர்தண்ணி_பாவி:
மெட்ரோ வாட்டர் வச்சிகிட்டு பேசுறீங்க. எங்க ஏரியா போர் தண்ணில பருப்பே வேகாது, பக்கெட் பூரா வெள்ளை வெள்ளையா படியுது, காய்ச்சுனா கிருமி சாவும் சரி, உப்பு எங்க போவும்? எங்களுக்கு ஆர்ஓ இல்லாம முடியாதுங்க.

கடல்காத்து:
உங்களுக்கு வேணும்தான் பாஸ், நான் அவருக்கு சொன்னேன்.

சும்மா_படிக்கிறவன்:
டிடிஎஸ் மீட்டர் கிருமிய காட்டவே காட்டாது, அத யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. பைப்புல கொஞ்சம் சாக்கடை கலந்தாலும் மீட்டர்ல நம்பர் நல்லாவே இருக்கலாம். அதுக்கு காய்ச்சுறது இல்லன்னா யூவி (கிருமிய கொல்லுற புற ஊதா லைட்). அம்மா சொல்றது கரெக்ட்.

வேளச்சேரிவாசி:
சேல்ஸ்மேன் நாளைக்கு திரும்ப வர்றேன்னான், அம்மாவையே பேச விட்டுடுறேன்