கவரின் பின்பக்கம்: பிராண்டு தொடங்கியவர்களிடம் பார்த்ததும் கேட்டதும்

லேபிள்கடை, காரைக்குடி:

காரைக்குடியில் லேபிளும் பாக்கிங் கவரும் அச்சடித்துக் கொடுக்கிற சின்னக் கடை நம்முடையது. 17 வருஷம் ஆகிறது. மசாலாவோ ஊறுகாயோ முறுக்கோ, யார் புதிதாகத் தொடங்கினாலும் ஒரு தடவையாவது நம்ம படி ஏறிவிடுவார்கள். நல்ல நாள் பார்த்து வந்து, முதல் லேபிள் கட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து வாங்கிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எட்டு மாதம் கழித்து, "அண்ணே, மிச்சத்தை எடைக்கு எடுத்துக்குவீங்களா?" என்று தயங்கி நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைப் பரணில் அப்படி நின்றுபோன பிராண்டுகளின் லேபிள் மட்டும் ஏழெட்டுக் கட்டு கிடக்கிறது.

முதல் ஆர்டரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது தடவை அடிக்க வருகிறாரா என்றுதான் நான் பார்ப்பேன். அப்படித் திரும்பி வந்தவர்களை யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் கவரின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துக்கு அதிக நேரம் உட்கார்ந்தவர்கள். என்ன சேர்ந்திருக்கிறது, எப்போது அடைத்தது, எத்தனை நாள் தாங்கும், குறை இருந்தால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் அங்கேதானே இருக்கிறது. நீங்கள் சந்தித்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருவர். பெரிய வீடு, ஆனால் முகப்பிலும் வளவிலும் ஆள் கிடையாது. இரண்டாங்கட்டில் மட்டும் அடுப்பு எரியும், நான்கு பெண்கள் வேலை செய்வார்கள். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். முதல் தடவை வந்தபோது எங்கள் டிசைன் பையன் வழக்கப்படி தேக்குத் தூணும் முகப்பும் போட்டு ஒரு மாதிரி காட்டினான். (இந்தத் தூணை நானே இதுவரை 30 பிராண்டுக்காவது அடித்திருப்பேன். எல்லாம் ஒரே தூண்தான்.) ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "வீட்டப் போட்டா வீட்டையா திம்பாக? சீடையப் போடுங்க தம்பி" என்றார்கள்.

அப்புறம் லேபிளைத் திருப்பி, அடைத்த தேதி எழுதும் இடம் போதாது என்று அரை மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று அவர்கள் வீட்டுக்குப் போனபோதுதான் புரிந்தது. அடுக்களைச் சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பொட்டலத்தைத் தேதி எழுதி அதில் வைத்துவிடுகிறார்கள். தினமும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பது ஆச்சியின் வேலை. சீப்புச் சீடையில் தேங்காய்ப்பால் சேர்கிறது. அவர்கள் கைப்பக்குவத்துக்கு 13-ஆம் நாள் லேசாகக் காறல் அடித்ததாம். அதனால் 12 நாள் என்று போடச் சொன்னார்கள். தேன்குழல் அதைவிடத் தாங்கும், அதற்குத் தனி லேபிள்.

சென்னையில் ஒரு கடைக்காரர் 60 நாள் என்று போட்டால் மொத்தமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆச்சி மாட்டேன் என்றுவிட்டார்கள். "60 நாளுன்னு எழுதிப்புட்டா, காறல் அடிக்கிறப்ப திங்கிறவுக யாரை வைவாக? கடைக்காரரையா? என்னையத்தான்." எண்ணெய்ப் பண்டத்தைக் கெடுப்பது காற்றும் வெளிச்சமும்தான் என்று நான்தான் எடுத்துச் சொல்லி, தேன்குழலுக்கு வெளிச்சம் புகாத கெட்டிக் கவரும், காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி ஒட்டும் மெஷினும் வாங்க வைத்தேன். அதைக் கேட்டுக்கொண்டார்கள். தேதி விஷயத்தில் மட்டும் இம்மி நகரவில்லை. முதலில் 500 லேபிள் வாங்கினார்கள். இப்போது மாதம் 4,000. தீபாவளி மாதக் கணக்கு தனி.

இதற்கு நேர்மாறாக ஒரு தம்பி. சிங்கப்பூரில் சம்பாதித்த காசோடு வந்து, "செட்டிநாடு" என்ற சொல்லை முன்னால் வைத்து ஒரு மசாலாப் பெயர், தங்க ஃபாயில், ஒரே அடியாக 20,000 லேபிள். அடித்து முடித்த பிறகு டிரேட்மார்க்குக்கு எழுதினார், மசாலா வருகிற 30-ஆம் வகுப்பில். ஊர்ப் பெயரை ஒருத்தர் தனக்கே என்று பட்டா போட 1999-ஆம் வருஷத்து டிரேட்மார்க் சட்டம் விடாது, ஆட்சேபம் வந்துவிட்டது. பெயரை விட்டுவிட்டுப் பொருளை வைத்தாவது நின்றிருக்கலாம். ஆனால் அந்த 20,000 லேபிளுக்குக் கொடுத்த அக்கறையில் பாதியை மிளகாய் வறுப்பதில் அவர் காட்டவில்லை. பரணிலேயே பெரிய கட்டு அதுதான்.

கண்டனூர் மருமகள்:

அண்ணே, பரணில் இருக்கும் கட்டில் ஒன்று என்னுடையதாகக்கூட இருக்கலாம்!

நான் கருப்புக் கவுனி அரிசி பாக்கெட் போட்டேன். எங்கள் மாமியார் வீட்டில் கல்யாணமோ, அறுபதாம் கல்யாணச் சாந்தியோ, கவுனி அரிசி இல்லாமல் இலை போட மாட்டார்கள். இதை ஏன் வெளியூருக்குக் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. முன்பக்கம் "சூப்பர் ஃபுட்" என்று பெரிதாகப் போட்டேன். பின்பக்கம் எடை, விலை, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிம நம்பர் 14 இலக்கம், அவ்வளவுதான். முதல் மாதம் 200 பாக்கெட் போனது. அடுத்த மாதம் ஃபோன்தான் வந்தது. "கல்லு மாதிரி இருக்கு", "மூணு விசில் விட்டும் வேகல", "சாயம் கலந்திருக்கீங்களா, தண்ணி ஊதாவா வருது".

நம்ம ஊர் மெஸ் நடத்தும் பெரியவர் ஒருவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ராத்திரி பூராம் ஊற வைக்கணும்னு எங்கனம்மா போட்டிருக்கே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாம் ஊற வைக்காமல் வைத்ததே இல்லையே, அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. ஊறிய தண்ணீரிலேயே வேகவைப்பது, ஊதா நிறம் அரிசியின் நிறமே என்பது, வெந்த பிறகுதான் சர்க்கரை சேர்க்க வேண்டும் என்பது, எதுவும் இல்லை. முன்னால் சேர்த்தால் அரிசி விறைத்துக்கொள்ளும் என்று மாமியாருக்குத் தெரியும், பெங்களூரில் வாங்குகிற பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

ஒரு கடையிலிருந்து 140 பாக்கெட் திரும்பி வந்தது, பாதிக்கு மேல் வண்டு. அதோடு நிறுத்தினேன். இப்போது மறுபடி தொடங்க யோசனை. பின்பக்கம் முழுக்க சமையல் குறிப்புதான் இருக்கும்.

பெட்டிக்கடைக்காரர் மகன், தேவகோட்டை:

லேபிள்கடை அண்ணன் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. பின்பக்கத்தைப் படிக்க ஆள் முதலில் கையில் எடுக்க வேண்டுமே.

80-களின் கடைசியில் அப்பாவுக்குப் பெட்டிக்கடை. ஷாம்பு என்றால் பாட்டில், பாட்டில் என்றால் பெரிய வீடு. மற்றவர்களுக்குச் சீயக்காய்தான். கடையில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்த பிறகுதான் எங்கள் தெருப் பெண்கள் ஷாம்பு கேட்டார்கள். சிக் ஷாம்புக்காரர்கள் ஒரு திட்டம் போட்டார்கள்: எந்தக் கம்பெனி காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் 5 கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். நாங்கள் பையன்கள் ஊரணிப் படிக்கட்டு முழுக்கச் சுற்றி, கல் இடுக்கில் கிடக்கிற கிழிந்த பாக்கெட்டை எல்லாம் பொறுக்குவோம். ஊரணி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கொஞ்ச நாளில் விதி மாறியது. சிக் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும். நான் கோபப்பட்டேன். அப்பா சிரித்தார். "மொதல்ல ஊரான் வீட்டு ஆளைக் கூப்பிட்டாக. இப்ப தன் வீட்டு ஆளு சேர்ந்திருச்சு, அவுகளைக் கவனிக்கிறாக."

சிக் கம்பெனியைத் தொடங்கிய சி.கே.ரங்கநாதன் கடலூர்க்காரர். அவர் அப்பா சின்னி கிருஷ்ணன்தான் நம்ம பக்கம் பாக்கெட் ஷாம்புவுக்கு வழி காட்டியவர். அண்ணன் தம்பிகளின் வெல்வெட் ஷாம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் தொடங்கினார். அதுதான் பின்னால் கெவின்கேர் ஆனது. "சிக்" என்பது அப்பா பெயரின் எழுத்துகளிலிருந்து எடுத்தது. இது தெரிந்தபோது எனக்கு நம்ம ஊர் விலாசம்தான் ஞாபகம் வந்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கொண்டு விற்கப் போன செட்டியார்கள் கடைக்குத் தூண் படமா போட்டார்கள்? பாட்டன், அப்பன் பெயரின் முதலெழுத்தைக் கோத்து விலாசம் என்றார்கள். ஊரில் இருக்கிற முதலாளியைப் பார்த்தே இராதவர்கூட அந்த எழுத்தை நம்பிப் பணம் கொடுத்தார். கடையில் வேலை பழகுகிற பெட்டியடிப் பையன் ஒரு நாள் கணக்கில் தப்புச் செய்தால் கெடுவது அவன் பெயர் இல்லை, விலாசம்.

சரி, எழுதிக்கொண்டே வந்ததில் நானே உங்கள் கட்சிக்கு வந்துவிட்டேன் போல.

மேலூரான்:

ஊரணி சுத்தமான கதை அருமை.

ஆத்தங்குடி ரோடு:

எனக்கு மசாலா தெரியாது, தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு தெரியும். மாமா பட்டறை வைத்திருக்கிறார், விடுமுறை எல்லாம் அங்கேதான் போகும்.

பார்க்காதவர்களுக்கு: கண்ணாடித் துண்டு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. நிறம் கலந்த சிமெண்டுக் கூழை அச்சின் ஒவ்வொரு அறையிலும் சின்னக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அந்தக் கை நிதானம்தான் வித்தை. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் கலவை போட்டுக் கரணையால் இழுத்துவிடுவார்கள். சூளை கிடையாது. காய்ந்து, பிறகு நாள் கணக்கில் தொட்டித் தண்ணீரில் ஊற வேண்டும். பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

சென்னையிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் வந்து 3,000 சதுரடி, 15 நாளில் வேண்டும் என்றார். விலையைக் கூட்டியே சொன்னார். மாமா முடியாது என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான். "அவுக அவசரத்துக்குத் தண்ணி ஊறுமாடா?" என்றார். பாதி ஊறிய கல் அடுத்த வருஷம் கீறல் விடும், அந்த வீட்டுக்கு வருகிற 50 பேரும் அதைப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு.

பின்பக்கம் என்று சொன்னதால் இது: மாமா ஒவ்வொரு லோடோடும் ஒரு தாள் கொடுத்தனுப்புவார். அதில் பெரிய எழுத்தில் "ஆசிட் ஊற்றாதீர்கள்". கொத்தனார்கள் வேலை முடிந்ததும் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது பழக்கம். சிமெண்டுக் கல் மேல் ஊற்றினால் முகம் அரித்துப் போகும். அப்புறம் "ஆத்தங்குடிக் கல்லு மட்டம்" என்று ஊரே பேசும். இப்போது நம்ம பூவை அப்படியே பிரிண்ட் செய்த செராமிக் டைல்ஸ் வேறு எங்கோ செய்து வந்து விற்கிறது. கண்டாங்கிப் புடவைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் அதற்கும் இதே தொல்லைதான். மாமா அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. தாளை மட்டும் இந்தியிலும் அடித்துவிட்டார்.

பெங்களூர்வாசி, சொந்த ஊர் கோட்டையூர்:

இட்லி தோசை மாவு விற்கும் ஐடி ஃப்ரெஷ் கம்பெனியைத் தொடங்கிய பி.சி.முஸ்தபா கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2005-இல், இங்கே 50 சதுரடி அறையில், உறவுமுறைச் சகோதரர்களோடு ஆரம்பித்தது. அதுவரை கடையில் மாவு என்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி ரப்பர் பேண்டு போட்டதுதான். என்னைக் கவர்ந்தது அவர்களின் வடை மாவு. வடைக்கு ஓட்டை போடத் தெரியாதவர்களுக்காகப் பிழிந்தாலே ஓட்டையோடு விழுகிற மாதிரி பாக்கெட் வாயையே செய்தார்கள்.

என் பங்காளி ஒருவர் இங்கே வெள்ளைப் பணியார மாவு விற்கிறார். ஆழாக்குப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து, அதே ஆச்சிமார் அளவு. மாவு நன்றாக இருந்தும் புகார் வந்துகொண்டே இருந்தது. வடைக் கதையைக் கேட்டுவிட்டு, வாங்குகிறவர்கள் ஆறு பேர் வீட்டு அடுக்களைக்கே போய் நின்று பார்த்தார். கோளாறு மாவில் இல்லை, கரண்டியில். தோசைக் கரண்டியால் ஊற்றினால் எண்ணெயில் பரவித்தானே போகும்? இப்போது முதல் டப்பாவோடு ஒரு சின்னக் குழிக்கரண்டி இலவசம். அதற்குப் பிறகு புகார் குறைந்துவிட்டது. லாபம் இன்னும் பெரிதாக இல்லை, கரண்டி விலை கடிக்கிறது என்கிறார்.

லேபிள்கடை, காரைக்குடி:

கண்டனூர் தங்கச்சி, பரணில் தேடிப் பார்த்தேன், உங்கள் கட்டு இல்லை. வேறு எங்கேயோ அடித்திருக்கிறீர்கள்! மறுபடி தொடங்கினால் இங்கே வாங்க, சமையல் குறிப்புக்கு எழுத்துப் பெரிதாக வைத்துத் தருகிறேன்.

இன்று காலை பள்ளத்தூர் ஆச்சி வந்திருந்தார்கள். இந்த ஈட்டுக்கு ஒரு திருத்தம்: "12 நாளுக்குள் சாப்பிடவும்" என்கிற வரியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர வேண்டுமாம், அதுவும் பெயரைவிடப் பெரிதாக. டிசைன் பையன் என்னைப் பார்க்கிறான், நான் ஆச்சியைப் பார்க்கிறேன். "எனக்குக் கண்ணு தெரியல தம்பி. என்னைய மாதிரி வயசானவுகதானே பேரன் பேத்திக்கு எடுத்துக் குடுக்கிறது?" என்றார்கள். பையன் முணுமுணுத்துக்கொண்டே சீடைப் படத்தைச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறான்.