ஸ்கேன் செய்த தமிழ் நூல்களுக்கு டேப்லெட்டா, இ-ரீடரா?

அப்பாவுக்கு 71 வயது, மதுரையில் இருக்கிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இறக்கிய பழைய நூல்கள்தான் படிப்பார்; எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். மார்ச்சில் வாங்கிய 6 அங்குல இ-ரீடரில் (காகிதம் போன்ற திரையுள்ள, மின்நூல் படிக்கும் கருவி) எழுத்து கடுகாகத் தெரிகிறது. பக்கமே படம் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. ஓரங்களை வெட்டிப் பார்த்தேன். கருவியைப் படுக்கையாகத் திருப்பியும் பார்த்தேன். அடிக்குறிப்புக்குப் போனவர் வரியைத் தொலைத்துவிட்டு என்னை முறைத்தார். என் 10 அங்குல டேப்லெட்டில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அரை மணி நேரத்தில் கண் எரிகிறது என்கிறார். திண்ணை வெளிச்சத்தில் திரையில் அவர் முகம்தான் தெரிகிறது.

மிஞ்சியது 10.3 அங்குல இ-ரீடர். விலைதான் தயங்க வைக்கிறது. அதில் ஸ்கேன் பக்கங்களைப் பெரிதாக்காமலே முழுப் பக்கமாகப் படிக்க முடிகிறதா?