உதவி: வேர்டில் சரியாக இருக்கிறது, பக்கம் கட்டினால் கொம்பு இடம் மாறுகிறது

பள்ளத்தூராள்:
எங்கள் ஐயா (அப்பச்சியை, அதாவது அப்பாவைப் பெற்றவர்) இரங்கூனுக்குக் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போயிருந்தபோது வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் புத்தகமாகப் போடுகிறோம். டெம்மி அளவு. காரைக்குடியில் ஒரு பையன் வேர்டில் அடித்துக் கொடுத்தான், படிக்க ஒரு குறையும் இல்லை. அதையே இன்டிசைன் என்ற மென்பொருளில் பக்கம் கட்டினால் 'கெ', 'கொ' எல்லாம் பிய்ந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. தேதி வரியிலும் கோளாறு. ஒரு கடிதம் இப்படித் தொடங்குகிறது:

உ
சிவமயம்
பிரபவ ௵ ஆவணி ௴ ௰௨ ௳

இதில் ௵ (வருஷம்), ௴ (மாதம்), ௳ (நாள்) மூன்றும் வெறும் கட்டமாக வருகின்றன. வட்டிக் கணக்கில் உள்ள மாகாணி, முந்திரி என்ற பின்னக் குறிகளோ வேர்டிலேயே கட்டம்தான். பக்கம் கட்டுபவர் "குறிகளை எடுத்துவிடுங்கள்" என்கிறார். எடுக்க மனசு வரவில்லை.

பக்கம்கட்டி:
எடுக்க வேண்டாம் ஆச்சி. முதலில் ஒன்று பாருங்கள்: வேர்டில் ஒரு பத்திக்கு வேறு ஃபான்ட் போட்டால் தமிழாகவே நிற்கிறதா, ஆங்கில எழுத்துக் குப்பையாகிறதா?

பள்ளத்தூராள்:
தமிழாகவே நிற்கிறது தம்பி.

பக்கம்கட்டி:
அப்படியானால் எல்லா ஃபான்டுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில்தான் அடித்திருக்கிறான், மறுபடி அடிக்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறு.

கொம்பு: இன்டிசைனில் வழக்கமாக இருக்கும் கம்போசருக்கு (எழுத்துகளை வரியாகக் கோக்கும் பகுதி) இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஸ்டைலிலேயே மாற்றினால் புத்தகம் முழுக்கச் சரியாகும். பத்தி பத்தியாக மாற்றினால் எங்காவது ஒன்று விட்டுப்போகும், அது அச்சில்தான் கண்ணில் படும்.

௵, ௴, ௳: ஃபான்டில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் வேர்ட் சத்தமில்லாமல் வேறு ஃபான்டிலிருந்து எடுத்துப் போட்டுவிடும். இன்டிசைன் அப்படிச் செய்யாது, கட்டம் காட்டும். இந்தக் குறிகள் உள்ள ஃபான்டை அவற்றுக்கு மட்டும் கேரக்டர் ஸ்டைலாகக் கொடுத்தால் போதும்.

பின்னக் குறிகள்: இவை யூனிகோடில் சேர்ந்ததே 2019-இல்தான், அதுவும் தனித் தொகுதியாக. பெரும்பாலான தமிழ் ஃபான்டுகளில் கிடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று இலவசமாகக் கிடைக்கிறது, அதை நிறுவுங்கள்.

பழைய ஏடு:
குறியெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியுமா? பேசாமல் '1927 ஆகஸ்ட்' என்று போட்டுவிடலாமே. அப்புறம், ஐயா எழுதிய பழைய றா, லை வடிவங்களை என்ன செய்யப் போகிறீர்கள்?

பக்கம்கட்டி:
ஆங்கிலத் தேதி அடிக்குறிப்பில் வரட்டும் அண்ணே, கடிதத்துக்குள் கை வைக்க வேண்டாம். பிரபவ 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும், 1987-லும் வந்தது. அதனால் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும். பழைய றா, லை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். யூனிகோடில் அதற்குத் தனி எண் இல்லை, வேறுபாடு ஃபான்டின் வரைவில்தான். இன்றைய வடிவத்திலேயே அச்சிட்டு, ஓரிரு கடிதங்களை ஸ்கேன் செய்து படமாகச் சேருங்கள். ஐயாவின் கையெழுத்தைப் பார்க்கத்தானே உறவுக்காரர்கள் முதலில் புரட்டுவார்கள்!

பள்ளத்தூராள்:
கொம்பு சரியாகிவிட்டது, ௵ வந்துவிட்டது. முந்திரியும் தெரிகிறது, கொஞ்சம் தடிமனாக இருக்கிறது, பரவாயில்லை. ஆனால் 198 பக்கம் இப்போது 206 ஆகிவிட்டது. பொருளடக்கம் முன்பே போட்டாயிற்றே?

பக்கம்கட்டி:
வரி உடைவு மாறினால் பக்கமும் மாறத்தான் செய்யும். பொருளடக்கத்தைக் கடைசியில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) என்றால் 208-க்கு 13 ஃபாரம் சரியாக வரும், மீதி 2 பக்கத்தில் குறி விளக்கம் போடலாம். அச்சகத்துக்கு ஃபான்ட் பதித்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். முதல் ஃபாரத்தைத் தாளில் எடுத்து, தேதி வரிகளை மூலக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஓட்டச் சொல்லுங்கள்.