மறு: ‘முக உயிரூட்டல்’ வேண்டாம், வேறு சொல் பார்ப்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

முகவாதத்தால் சிரிக்க முடியாமல் போன பெரியவர்களுக்குச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில், ‘முக உயிரூட்டல்’ என்ற சொல் இங்கே வந்திருக்கிறது. காரைக்குடியில் என் ஆச்சியிடம், அதாவது கூடப்பிறந்த அக்காளிடம், அதைச் சொல்லிப் பார்த்தேன். “ஏன், என் முகம் செத்தா போச்சு?” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. காதோர உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த கட்டியோடு முக நரம்பையும் எடுக்க வேண்டியதாயிற்று அவருக்கு. அந்த ஏழாம் நரம்பு போனால் முகத்தசை அசையாது. ஆனால் கன்னத்தின் தொடு உணர்ச்சி ஐந்தாம் நரம்பைச் சேர்ந்தது. கொசு உட்கார்ந்தால் தெரியும், உதட்டோரம் மட்டும் எழாது. ஆச்சி இடது வாயோரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் காபி குடிப்பார். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், கல்யாணப் படம் எடுத்தால் இடக்கன்னம் தூண் பக்கம் திரும்பிவிடும். உணர்ச்சியுள்ள முகத்துக்கு உயிரூட்டுகிறோம் என்பது தப்பு.

அதற்குப் பதிலாக ‘நகை மீட்பு’ எனலாம், சுருக்கமான சொல்தான். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்டால் அடகுக்கடைதான் நினைவுக்கு வரும். ‘முறுவல்’ என்றால் தோசை. ஓட்டலில் “முறுவலா ஒண்ணு” என்றுதான் கேட்கிறோம். ‘சிரிப்பு’ வாய்விட்டுச் சிரிப்பதையும் சேர்த்துக்கொள்ளும். மருத்துவர் கொண்டுவருவது வாயோரம் மேலே எழும் அசைவை. அதற்குப் புன்னகைதான் சரி. ஆக, ‘புன்னகை மீட்பு அறுவை சிகிச்சை’.

தசை புதியதாயிற்றே, ‘மீட்பு’ எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நரம்பு போய் இரண்டு வருடம் போல ஆகிவிட்டால் முகத்தசைகள் நலிந்துவிடும். பிறகு நரம்பை மட்டும் இணைத்துப் பயனில்லை. அதனால் உள்தொடையின் கிராசிலிஸ் தசையில் ஒரு துண்டை ரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்துக் கன்னத்தில் பொருத்துகிறார்கள். ஜப்பானில் ஹாரி என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் 1976இல் இதை வெளியிட்டார்கள். தசை எங்கிருந்து வந்தாலும், திரும்பக் கிடைப்பது இழந்த அசைவுதான்.

சொல் அதிகம் தேவைப்படுவது அடுத்த கட்டத்தில். அந்தத் தசையை எந்த நரம்பு இயக்குவது? கெண்டைக்காலிலிருந்து எடுத்த நரம்பை நல்ல பக்கத்து முக நரம்போடு இணைத்து, மேலுதடு வழியே இந்தப் பக்கம் கொண்டுவருவது ஒரு வழி. நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். மாதக்கணக்கில் காத்திருந்து பிறகுதான் தசையை வைப்பார்கள். இதை ‘எதிர்க்கன்ன நரம்பொட்டு’ எனலாமா? இன்னொரு வழியில், மெல்லும் தசைக்குப் போகும் நரம்பைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே அறுவையில் முடியும், இழுவையும் வலுவாக இருக்கும். ஆனால் தொடக்கத்தில் பல்லைக் கடித்தால்தான் புன்னகை வரும்.

ஆச்சிக்குச் செய்தது இரண்டாவது. தினமும் கண்ணாடி முன் உட்கார்ந்து கடைவாய்ப் பல்லைக் கடித்துப் பழகினார். போன மாதம் பேத்தி கந்தரப்பத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டு ஏதோ பேசினாள். ஆச்சியின் இடது வாயோரம் கடிக்காமலே எழுந்தது. எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

தானாக வரும் இதற்கு ‘இயல்புன்னகை’ என்று வைக்கலாம். கடித்து வரவழைப்பதற்கு என்ன சொல்வது? ‘கடி’ என்று தொடங்கினால் பிள்ளைகள் ஜோக் என்று நினைப்பார்கள். ‘முயற்சிப் புன்னகை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். இன்னும் நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?