65-ல் ஓய்வு: மெடிக்கல் எய்டைக் குறைத்துக்கொண்டு கேப் கவர் எடுக்கலாமா?

மொபெனி_காரன் (சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா)

எல்லோருக்கும் வணக்கம். வரும் மார்ச்சில் எனக்கு 65, அத்தோடு ஓய்வு. 1998-லிருந்து ஒரே மெடிக்கல் எய்டில் (மாதச் சந்தா கட்டும் மருத்துவச் செலவுத் திட்டம்) இருக்கிறேன், பாதியைக் கம்பெனி கட்டிக்கொண்டிருந்தது, இனி முழுத் தொகையும் என் பென்ஷனிலிருந்துதான் போக வேண்டும். வீட்டுக்காரிக்கு 61. சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது, போன வருஷத்திலிருந்து வலது முழங்கால் வேறு, படி இறங்குவதற்குள் இரண்டு தடவை நின்றுவிடுகிறாள். ஒரு புரோக்கர் வந்து, மலிவான ஹாஸ்பிட்டல் பிளானுக்கு (பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் செலவைத் தருவது) இறங்கிவிட்டு மிச்சப் பணத்தில் கேப் கவர் (மெடிக்கல் எய்ட் தருவதற்கும் டாக்டர் பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டும் தனிக் காப்பீடு) போடுங்கள், இரண்டும் சேர்ந்தால் பெரிய பிளானுக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பக்கத்து வீட்டுக்காரரோ, ஆர்.கே. கான் அரசு மருத்துவமனை இங்கேயே இருக்கிறது, எல்லாவற்றையும் கேன்சல் பண்ணுங்கள் என்கிறார். கேப் கவர் நிஜமாகவே தேவையா, இல்லை புரோக்கரின் கமிஷனுக்குத்தானா?

கிளெய்ம்ஸ்_அக்கா (டர்பன்)

அண்ணா, நான் மெடிக்கல் எய்டில் கிளெய்ம்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கேன்சல் பேச்சை முதலில் விடுங்கள். 90 நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால், திரும்பச் சேரும்போது 3 மாதம் எதற்கும் பணம் தராமல் காக்க வைக்கலாம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை. அப்புறம் லேட் ஜாயினர் பெனால்டி, அதாவது வயதான பிறகு சேருவதற்கான அபராதம். உங்கள் வயதிலிருந்து 35-ஐயும் மெடிக்கல் எய்டில் இருந்த வருஷங்களையும் கழிப்பார்கள். இப்போது விட்டுவிட்டு 70 வயதில் திரும்பி வந்தால் ஏறக்குறைய 8 வருஷம் மிஞ்சும், 5 முதல் 14 வருஷம் வரை என்றால் மாதத் தொகையில் 25 சதவீதம் கூடுதல், அதுவும் ஆயுள் முழுக்க.

புரோக்கர் சொன்னது பாதி சரி. ஸ்பெஷலிஸ்ட், மயக்க மருந்து டாக்டர் எல்லாம் மெடிக்கல் எய்ட் ரேட்டைப் போல மூன்று மடங்கு பில் போடுவது இங்கே சாதாரணம். சும்மா கணக்குக்கு, ஸ்கீம் (மெடிக்கல் எய்டுதான்) 10,000 ரேண்ட் தருகிற ஆபரேஷனுக்கு டாக்டர் 30,000 கேட்டால் அந்த 20,000 உங்கள் தலையில். அப்படித் துண்டு விழுவதைத்தான் கேப் கவர் அடைக்கிறது. ஆனால் ஸ்கீம் ஒத்துக்கொண்ட சிகிச்சைக்கு மட்டும்தான். ஸ்கீம் "இது எங்கள் பிளானில் இல்லை" என்று சொல்லிவிட்டால் கேப் கவரும் கையை விரித்துவிடும்.

உங்கள் வீட்டில் பிரச்சினை அந்த முழங்காலில்தான் இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மருந்து சட்டப்படி எந்தப் பிளானிலும் உண்டு, பிஎம்பி பட்டியலில் (எல்லா ஸ்கீமும் கட்டாயம் தர வேண்டிய சிகிச்சைகள்) இருப்பதால் மலிவான ஹாஸ்பிட்டல் பிளான்கூடத் தந்தே ஆக வேண்டும் (அவர்கள் பட்டியலில் உள்ள மருந்தாக, அவர்கள் சொல்லும் இடத்தில் வாங்க வேண்டும், அவ்வளவுதான்). கண்புரை ஆபரேஷனும் அதே பட்டியலில் இருக்கிறது. தேய்மானத்துக்காக முழங்கால் மாற்றுவது அதில் இல்லை. மலிவான பிளான்கள் பலவற்றில் மூட்டு மாற்று சிகிச்சையே கிடையாது, இல்லையென்றால் செயற்கை மூட்டுக்கு ஒரு சின்ன வரம்பு வைத்திருப்பார்கள். அந்தப் பிளானுக்கு இறங்கிவிட்டு மேலே எவ்வளவு நல்ல கேப் கவர் போட்டாலும் பிரயோஜனமில்லை.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா

அக்கா சொல்வது சரிதான், ஆனாலும் எல்லோருக்கும் பெரிய பிளான் கட்டுப்படியாகாது. நானும் வீட்டம்மாவும் ஹாஸ்பிட்டல் பிளான் மட்டும் வைத்திருக்கிறோம், சில்லறை டாக்டர் செலவு கைக்காசு. கேப் கவர் எடுக்கவில்லை, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். ஒரு பெரிய ஆபரேஷன் வந்தால் அது போதாது என்று தெரியும், தெரிந்தேதான் செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று: அரசு மருத்துவமனையில் இலவசம் என்பது முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பார்த்துக் கட்டணம், மெடிக்கல் எய்ட் இருந்தால் முழுக் கட்டணம். முட்டிக்கு அங்கே வரிசையில் நின்றால் எவ்வளவு காலம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வரி_வாத்தியார்

சின்னத் தகவல். 65 ஆனதும் வரியில் மருத்துவச் சலுகை கூடும், கைக்காசாகக் கட்டிய பில்லில்கூட 33.3 சதவீதம் கழிவு உண்டு, ரசீதை எல்லாம் வைத்திருங்கள். ஆனால் கேப் கவர் பிரீமியம் மெடிக்கல் எய்ட் கட்டணமாகக் கணக்கில் வராது. அது காப்பீடு, அதற்கான சட்டமே வேறு. புரோக்கர்கள் இதைச் சொல்வதில்லை.

மொபெனி_காரன்

நன்றி, அக்கா, தாத்தா, எல்லோருக்கும். புரோக்கர் கொடுத்த தாளை எடுத்துப் பார்த்தேன், விலக்குப் பட்டியலில் சின்ன எழுத்தில் மூட்டு மாற்று இருக்கிறது! அப்படியானால் இப்போதைய பிளானிலேயே இருந்துகொண்டு, மேலே கேப் கவர் போடலாமா? 65-க்கு முன்னால் எடுப்பதா, ஓய்வுக்கு அப்புறமா? நான் போய்விட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்பதும் ஒரு கவலை.

கிளெய்ம்ஸ்_அக்கா (டர்பன்)

இப்போதே எடுங்கள் அண்ணா. 65 தாண்டிச் சேர்ந்தால் பல பாலிசிகளில் பிரீமியம் அதிகம். இன்னொன்று, கேப் கவரிலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பு உண்டு, முழங்கால் அதில்தான் வரும். இன்று எடுத்தால் அடுத்த வருஷம் ஆபரேஷன் செய்யும்போது கைகொடுக்கும். டாக்டர் அவசரமில்லை என்றால் அதுவரை பிசியோவைப் பார்த்துச் சமாளியுங்கள். எவ்வளவு வரை தரும் என்பதற்குச் சட்டத்திலேயே உச்சவரம்பு இருக்கிறது, 2017-ல் ஆளுக்கு வருஷத்துக்கு 150,000 ரேண்டாக இருந்தது, பணவீக்கத்தோடு ஏறி வருகிறது, ஒரு முழங்காலுக்குத் தாராளம்.

பிளான் கொஞ்சம் இறக்கியே ஆக வேண்டுமென்றால், மூட்டு மாற்று உள்ள நடுத்தரப் பிளானாக, நெட்வொர்க் ஆஸ்பத்திரி (அந்தப் பிளானோடு ஒப்பந்தம் உள்ளது) வீட்டுப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்து ஜனவரிக்கு மாற்றுங்கள். மறுபடி மேலே ஏற வேண்டுமென்றால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும்.

அண்ணியைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்குப் பின்னாலும் அவர் அதே ஸ்கீமில் தொடர சட்டத்தில் உரிமை இருக்கிறது. கம்பெனி மூலமாகச் சேர்ந்தவர் ஓய்வுக்குப் பின் தொடரவும் அதே மாதிரி. ஹெச்ஆரிடம் பிப்ரவரிக்குள் ஈமெயிலில் எழுதிக் கேளுங்கள், ஓய்வு பெற்றவர்களுக்குக் கம்பெனி ஏதாவது பங்கு கட்டுகிறதா என்பதையும் சேர்த்து. சில பழைய கம்பெனிகளில் உண்டு, கேட்காவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.